குளிராத லொறியும் குற்றமற்ற கொம்பிரசரும்

வீட்டிலே ஒரு பொருள் பழுதுபட்டால் நம்மவர் உடனே செய்யும் காரியங்கள் இரண்டு. உள்ளவற்றிற் பெரிய பாகம் எதுவோ அதன்மேற் குற்றத்தைச் சுமத்துவது ஒன்று. அப்பாகத்தை மாற்றுவதற்குக் கடன் வாங்குவது மற்றொன்று. எய்தவன் இருக்க அம்பை நோகும் இந்த வழக்கத்தினால் எத்தனையோ குடும்பங்களின் கைப்பணம் கரைந்திருக்கின்றது. என் தங்கையின் குடும்பத்துக்கும் ஒருமுறை அது நேர்ந்தது. இரண்டாம் முறையும் நேர இருந்த வேளையில் அதைத் தடுத்தது ஒரு முதியவரின் பொறுமையும், பள்ளிக்கூடத்திற் படிக்கும் ஒரு கணக்குமே ஆகும். மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்று கருதி அதனை இங்கே எழுதுகின்றேன்.

என் தங்கையின் கணவர் ஒரு சிறிய லொறியை வைத்துச் சீவனம் நடத்துபவர். 1997ஆம் ஆண்டிலே யப்பானிற் செய்யப்பட்ட வண்டி. ஒரு தொன் பாரம் ஏற்றும். மரக்கறி ஏற்றுவது அதன் அன்றாடத் தொழில். மாதத்தில் ஒரு நாள் அதற்கு வேறொரு கடமையும் உண்டு. இருதய நோயுள்ள தம் தாயாரை அவர் கொழும்புக்கு வைத்தியரிடம் அழைத்துச் செல்வது அந்த லொறியிலேதான். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். இவ்வகை லொறிகளில் எஞ்சின் ஆசனத்தின் கீழேயே இருக்கின்றது. மேலே வெயிலும் கீழே எஞ்சினின் சூடும் சேர்ந்துவிட்டால் சாரதியின் அறை அடுப்பங்கரையாகிவிடும். ஆதலால் அதிலுள்ள குளிர்சாதனம் அக்குடும்பத்துக்கு ஆடம்பரம் அன்று. மூதாட்டிக்கு மருந்தைப் போன்றதொரு தேவை.

அந்தக் குளிர்சாதனம் ஒரு விசித்திரமான நோயைக் காட்டியது. விடியற்காலையிற் புறப்படும்போது நன்றாகக் குளிரும். வவுனியா கடந்து, தம்புள்ளை கடந்து, குருநாகலை நெருங்கும் வேளையிலே வெயில் ஏறும். அப்பொழுது குளிர் திடீரென நின்று வெறுங்காற்று வீசும். எஞ்சினை நிறுத்தி ஒரு மணி நேரம் மரநிழலில் ஆறவிட்டால் மீண்டும் குளிர் வரும். தேவையில்லாத காலையிற் குளிர்ந்து, தேவைப்படும் நண்பகலிற் கைவிடும் சாதனம் இருந்தென்ன, இல்லாதிருந்தென்ன?

முந்திய ஆண்டில் ஒரு கராச்சிற் காட்டினார்கள். "கொம்பிரசர் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்றார்கள். என் தங்கையின் காப்பு இரண்டும் அடைவு கடைக்குப் போயின. வேறொரு கொம்பிரசர் வந்தது. சில மாதங்கள் நன்றாகவே குளிர்ந்தது. பின்னர் பழைய நோய் அப்படியே திரும்பியது. மீண்டும் கராச்சு, மீண்டும் அதே தீர்ப்பு. இம்முறை அடைவு வைப்பதற்குக் காப்பு இல்லை. உயர்தரம் படிக்கும் மகனின் வகுப்புக் கட்டணத்துக்கென ஒதுக்கிய பணந்தான் இருந்தது. அதனை எடுப்பதா, விடுவதா என்று கேட்கவே மைத்துனர் என்னிடம் வந்தார்.

குளிர் பிறக்கும் விதம்

நோய் இன்னதென அறியுமுன் உடல் இயங்கும் முறையை அறிதல் வேண்டும். மோட்டார் வண்டியின் குளிர்சாதனத்திலே ஒரு வாயு குழாய்களுக்குள் சுற்றிக்கொண்டிருக்கின்றது. நமது லொறியில் உள்ளது ஆர்-134ஏ என்பது. சாதாரண வளியமுக்கத்தில் இது பூச்சியத்துக்குக் கீழே 26 பாகை செல்சியசிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஒரு திரவம் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சும் என்பதை, நனைந்த உடம்பிற் காற்றுப் பட்டால் உண்டாகும் சிலிர்ப்பிலிருந்து யாவரும் அறிவர்.

சாரதியின் முன்னே மறைந்திருக்கும் ஆவியாக்கியில் இந்தத் திரவம் ஆவியாகி அறையின் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். கொம்பிரசர் அந்த ஆவியை இழுத்து நெருக்கி, வண்டிக்கு வெளியே காற்றுப் படும்படி அமைந்த ஒடுக்கிக்கு அனுப்பும். அங்கே வெப்பத்தை வெளியே விட்டுவிட்டு ஆவி மீண்டும் திரவமாகும். இந்தச் சுற்று நில்லாமல் நடப்பதற்கு உழைப்பது கொம்பிரசர். அதற்கு வலுக் கொடுப்பது எஞ்சின், ஒரு பெல்ற்றின் மூலமாக.

எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் கொம்பிரசரும் ஓடவேண்டுமா? வேண்டியதில்லை. அமெரிக்காவில் பக்கார்ட் என்னும் மோட்டார்க் கம்பனி தனது 1940ஆம் ஆண்டு வண்டிகளிலே முதன்முதலாகத் தொழிற்சாலையிற் பொருத்திய குளிர்சாதனத்தை விற்றது. அதிற் கொம்பிரசரைத் தனியே நிறுத்த வழி இல்லை. குளிர் வேண்டாத காலத்திலே எஞ்சினை நிறுத்தி, இறங்கி, மூடியைத் திறந்து, பெல்ற்றைக் கழற்ற வேண்டியிருந்தது! அந்தக் குறையைப் பின்னர் தீர்த்தது மின்காந்தக் கிளச் ஆகும்.

கொம்பிரசரின் முகப்பிலே உள்ள கப்பி எஞ்சின் ஓடும்போது எப்பொழுதும் சுற்றும். ஆனால் உள்ளேயுள்ள அச்சு சுற்றாது. கப்பிக்குப் பின்னால் ஒரு செப்புக் கம்பிச் சுருளும், முன்னால், மயிரிழை இடைவெளியில், ஓர் இரும்புத் தட்டும் உள்ளன. சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் அது காந்தமாகித் தட்டை இழுக்கும். தட்டு கப்பியோடு ஒட்டிக்கொள்ளும்; அச்சு சுற்றத் தொடங்கும். அப்பொழுது "டக்" என்றோர் ஓசை கேட்கும். மின்சாரம் நின்றதும் தட்டு விலகிவிடும்.

"டக்" ஓசை சொல்லும் செய்தி

இந்த ஓசையைக் காதாற் கேட்டு, கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிடுவதே முதற் சோதனை. இதற்குக் காசு வேண்டியதில்லை.

அறை நன்றாகக் குளிர்ந்தபின் கிளச் விலகி, சற்று நேரத்தின்பின் மீண்டும் ஒட்டுமானால் அது நோய் அன்று, சுகத்தின் அடையாளம். ஆவியாக்கி பூச்சியப் பாகையை நெருங்கும்போது, அதன்மேல் பனிக்கட்டி படியாதிருக்க, வெப்பநிலையை உணரும் ஓர் உறுப்பு மின்சாரத்தைத் துண்டிக்கின்றது.

சில விநாடிகளுக்கு ஒருமுறை ஒட்டுவதும் விலகுவதுமாக இருந்து, குளிரும் போதாதிருந்தால் வாயு குறைந்திருத்தல் கூடும். அமுக்கத்தை உணரும் சுவிச் தாழமுக்கப் பக்கத்தில் அமைந்த பழைய அமெரிக்க லொறிகளில் இந்த அறிகுறி மிகத் தெளிவாகத் தெரியும். யப்பானிய வண்டிகளிற் பெரும்பாலும் அச்சுவிச் உயரமுக்கப் பக்கத்தில் இருக்கும். அமுக்கம் வளியமுக்கத்தின் ஏறக்குறைய 2 மடங்குக்குக் கீழே வீழ்ந்தாலோ, 31 மடங்குக்கு மேலே ஏறினாலோ அது கிளச்சை நிறுத்திவிடும். வாயு முற்றாகப் போன கொம்பிரசர் எண்ணெயின்றித் தேய்வதையும், அளவு மீறிய அமுக்கத்தினாற் குழாய் வெடிப்பதையும் தடுக்கும் காவற்காரன் அது.

ஓடும்போது நன்றாகக் குளிர்ந்து, நெரிசலில் நிற்கும்போது மட்டும் நின்றுவிடுமானால் ஒடுக்கியிற் சேறு அடைத்திருக்கின்றதா, அதன் விசிறி சுழல்கின்றதா என்று பார்த்தல் வேண்டும்.

நமது லொறியின் நோய் இவற்றுள் எதுவும் அன்று. காலையில் ஒழுங்காக ஒட்டி விலகிய கிளச், எஞ்சின் நன்றாகச் சூடேறியபின் ஒருமுறை விலகினால் மறுமுறை ஒட்டுவதில்லை. இத்தகைய நோய்க்கு மூலம் பெரும்பாலும் வாயுவில் இல்லை, மின்சாரத்தில் உள்ளது.

நல்லபிள்ளையான வயர்

எங்கள் அயலிலே ஒரு முதியவர் இருக்கின்றார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வாகன வயரிங் வேலை செய்து ஓய்வெடுத்தவர். அவரை அழைத்தோம். "வண்டி சூடாக இருக்கும்போதே என்னைக் கூப்பிடவேணும். ஆறின வண்டி பொய் சொல்லும்" என்று சொல்லியனுப்பினார். அவ்வாறே, நண்பகலிற் சுன்னாகம் சந்தையிலிருந்து லொறி திரும்பிய உடனே அவர் வந்தார். ஆசனத்தைத் தூக்கினோம். எஞ்சினை நிறுத்தி, திறப்பை மட்டும் போட்டு, குளிர்சாதனச் சுவிச்சை அழுத்தினார். "டக்" ஓசை கேட்கவில்லை.

உயர்தரம் படிக்கும் மருமகன் தனது மீற்றரோடு முன்வந்தான். கிளச்சுக்குச் செல்லும் வயரின் இணைப்பைக் கழற்றி, அதன் முனையில் வைத்துப் பார்த்தான். மீற்றர் 12.2 வோல்ற் காட்டியது. பற்றரியிலும் அதே 12.2.

"மாமா, மின்சாரம் முழுதாக வருகுது. அப்ப கராச்சுக்காரர் சொன்னது சரிதான், கொம்பிரசர்தான் பிழை" என்றான் கவலையோடு.

முதியவர் சிரித்தார். "தம்பி, கழட்டிப் போட்டுப் பார்த்தால் வயர் எப்பவும் நல்லபிள்ளைதான். வேலை வாங்கிப் பாரும்" என்றார்.

இணைப்பை மீண்டும் பொருத்தச் செய்து, அதன் பின்புறமாக மீற்றரின் ஊசியைச் செலுத்தி, கொம்பிரசரின் உடலில் மறு ஊசியை வைத்தார். இப்பொழுது மீற்றர் காட்டியது 9.2 வோல்ற் மட்டுமே. மூன்று வோல்ற் வழியிலே எங்கோ களவு போயிருந்தது!

களவு போன இடத்தை அவர் தேடிய முறை மிக எளிது. பற்றரியின் மறைமுனைக்கும் கொம்பிரசரின் உடலுக்குமிடையே அளந்தார்: 0.1 வோல்ற். ஆகவே எர்த் வழி நல்லது. பற்றரியின் நேர்முனைக்கும் கிளச்சின் வயருக்குமிடையே அளந்தார்: 2.9 வோல்ற். ஆகவே கள்வன் வரும் வழியில் இருக்கின்றான். பியூஸ், ரிலே, சுவிச் என ஒவ்வொன்றின் இருபுறமும் வைத்துப் பார்த்தார். அவை எல்லாவற்றிலும் சேர்ந்து 0.3 வோல்ற்றே வீழ்ந்தது. எஞ்சிய 2.6 வோல்ற்றும் எஞ்சினுக்கு அருகே, சேறும் நீரும் தெறிக்கும் இடத்தில் இருந்த ஒரு பிளாஸ்ரிக் இணைப்பிலே வீழ்ந்துகொண்டிருந்தது. அதனைத் திறந்தோம். உள்ளேயிருந்த விரல்நகம் அளவான பித்தளை முனை பச்சைப் பாசம் பிடித்துக் கறுத்திருந்தது. பிளாஸ்ரிக்கும் சூட்டினால் உருகிச் சற்றே வளைந்திருந்தது.

மாணவர்களுக்கு ஒரு கணக்கு

இணைப்பைக் கழற்றியபோது முழு வோல்ற்றும் தோன்றியது ஏன்? ஓமின் விதியைப் படித்த மாணவர் இதனை எளிதில் விளங்குவர். மின்னோட்டத்தைத் தடையாற் பெருக்கினால் வருவது வோல்ற்றளவு. கிளச்சைக் கழற்றிவிட்டால் ஓட்டமே இல்லை. ஓட்டம் பூச்சியமானால், தடை எவ்வளவு இருந்தாலும் அதில் வீழும் வோல்ற்றும் பூச்சியமே. மீற்றரோ மிகச் சிறிய ஓட்டத்தையே எடுப்பது. ஒரு மனிதன் நெருக்கமில்லாத நேரத்தில் ஒடுங்கிய ஒழுங்கையாற் போய்வந்து, "பாதை நல்ல பாதை" என்று சொல்வது போன்றது அது. தேர் வரும்போதல்லவா ஒழுங்கையின் அகலம் தெரியும்!

சூடான நிலையிற் கிளச் சுருளின் தடையை அளந்தோம்: 4.6 ஓம். அதில் 9.2 வோல்ற் நின்றதால் ஓடியது 2 அம்பியர். வழியில் வீழ்ந்த 3 வோல்ற்றை 2 அம்பியராற் பிரித்தால், வழியின் தடை 1.5 ஓம். அதிற் பழுதான இணைப்பின் பங்கு மட்டும் 1.3 ஓம். அந்த இணைப்பிலே 5 வாற்றுக்கு மேலான வெப்பம் இடைவிடாது பிறந்துகொண்டிருந்தது. பிளாஸ்ரிக் உருகியதற்குக் காரணம் அதுவே.

அடுத்தநாட் காலையில் ஆறிய சுருளை அளந்தபோது அதன் தடை 3.5 ஓம். செப்பு சூடேறினால் அதன் தடை கூடும். 80 பாகை ஏறினால் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு கூடும். எனவே அதே பழுதான இணைப்போடு காலையில் ஓடக்கூடியது 2.44 அம்பியர், நண்பகலில் 2 அம்பியர். காந்தத்தின் இழுவிசை ஏறத்தாழ ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே நண்பகலிற் கிடைத்த இழுவிசை காலையிற் கிடைத்ததில் மூன்றில் இரண்டு பங்கே. எஞ்சின் ஓடும்போது வோல்ற்றளவு 14ஐ நெருங்கும். எனினும் இந்த விகிதம் மாறாது.

அவ்வாறாயின் சென்ற ஆண்டு மாற்றிய கொம்பிரசர் சில மாதங்கள் வேலை செய்தது எவ்வாறு? அதற்கும் முதியவர் விடை கண்டார். தட்டுக்கும் கப்பிக்கும் இடையிலுள்ள இடைவெளியை மெல்லிய அளவுத் தகடுகளால் அளந்தார். அது 0.9 மில்லிமீற்றர். பெரும்பாலான கிளச்சுகளுக்கு அரை மில்லிமீற்றர் அளவே தகும். மாற்றி வந்த கொம்பிரசரில் இடைவெளி குறைவாக இருந்தபடியால் மெலிந்த காந்தமும் தட்டை இழுத்தது. தட்டு தேயத் தேய இடைவெளி அகன்றது. மறுபுறம் இணைப்பிற் பாசமும் ஏறியது. ஒரு நாள் இரண்டும் சந்தித்தன, காந்தம் தோற்றது. ஒட்டியிருக்கும் தட்டைப் பிடித்திருக்கச் சிறிய விசை போதும். விலகி நிற்கும் தட்டை இழுத்தெடுக்கவே பெரிய விசை வேண்டும். ஆகையினாற்றான் முதன்முறை விலகும்வரை குளிர்ந்தது, விலகியபின் ஒட்டவில்லை.

மருந்து மிகச் சிறியது. பழுதான இணைப்பை வெட்டியெறிந்து, புதிய முனை வைத்து, நீர் புகாத உறையிட்டார். தட்டின் பின்னாலிருந்த மெல்லிய வளையமொன்றை எடுத்து இடைவெளியை 0.5 மில்லிமீற்றராக்கினார். மறுநாள் நண்பகலில், வண்டி கொதிக்கும் சூட்டில் இருக்கும்போது, மீண்டும் அளந்தோம். கிளச்சில் 11.7 வோல்ற் நின்றது. சுவிச்சை அழுத்தியதும் "டக்" என்ற ஓசை தெளிவாகக் கேட்டது. கொம்பிரசரில் ஒரு குற்றமும் இருக்கவில்லை. சென்ற ஆண்டு கழற்றியெறிந்த பழைய கொம்பிரசரிலும் இருந்திராது என்றே நான் நினைக்கின்றேன்.

செய்யத்தகாதவை

இத்தகைய சோதனையில் இறங்குவோர் சிலவற்றை மறவாதிருத்தல் வேண்டும்.

எஞ்சின் ஓடும்போது பெல்ற்றுக்கும் விசிறிக்கும் அருகே கையையோ, சேலைத் தலைப்பையோ, சாரத்தின் முனையையோ கொண்டு செல்லலாகாது. நாங்கள் செய்த அளவீடுகள் யாவும் எஞ்சினை நிறுத்திச் செய்யப்பட்டவை. திறப்பைப் போட்ட மாத்திரத்தில் கிளச்சுக்கு மின்சாரம் வராத வண்டிகளும் உண்டு. அவற்றைத் தொழில் தெரிந்தவரிடம் விடுவதே நன்று.

பியூஸ் அடிக்கடி எரிந்தால் அதனிலும் பெரிய பியூஸைப் போடலாகாது. பியூஸ் எரிவது வயர் எரியாமல் இருப்பதற்காகவே.

அமுக்க சுவிச்சின் இரு முனைகளையும் ஒரு வயராற் பிணைத்துவிட்டு வண்டியை ஓட்டுவோர் உண்டு. காவற்காரனைக் கட்டிப்போட்டுவிட்டு உறங்குவதற்கு அது ஒப்பாகும். மருமகனும் முதலில் அவ்வாறே செய்ய முயன்றான். முதியவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

வாயுக் குழாய்களின் இணைப்பை வீட்டில் எவரும் தளர்த்தலாகாது. சீறி வரும் திரவம் கண்ணையும் தோலையும் உறையச் செய்யும். வாயுவை வெளியே விடுவது உலகத்துக்கும் தீங்கு. 1990களின் தொடக்கம்வரை வண்டிகளில் இருந்த ஆர்-12 என்னும் வாயு ஓசோன் படையைக் கெடுப்பது. அத்தகைய வாயுக்களின் தீமையை 1974இல் மொலினா, றோலண்ட் என்னும் விஞ்ஞானிகள் எடுத்துக்காட்டினர். 1987இல் மொன்றியல் உடன்படிக்கை உருவாயிற்று. அதற்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆயினும் பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவினும் ஆயிரம் மடங்குக்கு மேல் வலியது. இவ்விரு வாயுக்களையும் ஒன்றோடொன்று கலத்தலும் ஆகாது.

முடிவாக ஒரு சொல்

கராச்சுக்காரர் ஏமாற்றினார் என்று நான் கூறமாட்டேன். அவரும் இணைப்பைக் கழற்றி வைத்தே அளந்திருக்கின்றார். மீற்றர் காட்டிய 12 வோல்ற்றை நம்பியிருக்கின்றார். ஓமின் விதியை மனப்பாடமாக ஒப்புவிக்கும் என் மருமகனும் அதையே நம்பினான். கேள்வியைத் தவறாகக் கேட்டால், பொய் சொல்லாத கருவியும் தவறான பதிலையே தரும். இதனை அவன் பரீட்சைத் தாளிற் படித்திருக்க முடியாது. கொதிக்கும் எஞ்சினின் பக்கத்தில், கையில் எண்ணெய் படிய நின்று படித்தான்.

முதியவர் கூலியாக எதுவும் வாங்க மறுத்துவிட்டார். இணைப்புக்கும் உறைக்கும் செலவான சில நூறு ரூபாவை மட்டும் பெற்றுக்கொண்டார். வகுப்புக் கட்டணம் உரிய நாளிற் கட்டப்பட்டது. தங்கையின் காப்புகள் இன்னும் அடைவிலேதான் இருக்கின்றன. அவற்றை மீட்க இன்னும் சில மாதங்கள் செல்லும்.

அடுத்த மாதம் மூதாட்டி கொழும்புக்குப் போய்வந்தார். திரும்பி வந்ததும் அவரைப் பார்க்கச் சென்றேன். "பயணம் எப்படி அம்மா?" என்று கேட்டேன்.

"குருநாகல் தாண்டினாப் பிறகு குளிர் தாங்கேலாமல் சால்வையை எடுத்துப் போர்த்தினன் தம்பி" என்றார்.